வெளி மிதவை

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பால், எண்ணெய், சலவைச் சோப்பு. கணக்கு எழுதி முடித்தேன். வேறு விசேஷமில்லை என்று எழுத வந்தேன், இருக்கிறது.

பெரிய மகள் கடல் ஆய்வு நிலைய வேலையிலிருந்து வந்தவள், சாப்பிடக்கூட உட்காராமல் கணினியைத் திறந்தாள். காற்று திரும்பியிருக்கிறதாம். அடிக்கடலின் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலேறி வளைகுடாவுக்குள் வரப்போகிறதாம். திறந்த கடல் மீன் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். வளைகுடாவில் அண்ணன் வளர்க்கும் கூண்டு மீன் எங்கே ஓடும்? கணிப்பு சனிக்கிழமை என்கிறது.

"மாமாகிட்ட யாரும்மா சொல்றது?" என்றாள்.

போன வருடமும் இவள்தான் சொன்னாள். அண்ணன் வளராத மீனை அவசரமாக அள்ளி, வந்த விலைக்குத் தள்ளினார். தண்ணீர் வரவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

நிலையம் எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பிவிட்டது. அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"உன் பொண்ணு கடலுக்கே நாடி பிடிச்சுப் பாக்குறா. போன வருஷம் கடல் நல்லாத்தான் இருந்துச்சு, செத்தது நான்தான்."

பின்னாலிருந்து அண்ணி, "இந்தத் தடவை டாக்டரம்மாவுக்குக் கைராசி வந்திருக்கும், கேளுங்களேன்" என்றார். கேலியா, கெஞ்சலா, தெரியவில்லை.

எவ்வளவு நிச்சயம் என்று பெரியவளைக் கேட்டேன். தயங்கினாள். தண்ணீரை அளக்கும் கருவிகளோடு வளைகுடா வாயில் ஒரு மிதவை, வெளிக்கடலில் ஒரு மிதவை. வெளி மிதவையின் கருவிகளில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு, அது அனுப்பும் எண்களை நம்ப முடியவில்லை. போய்ச் சுரண்டலாம் என்றால் நிலையத்தின் படகு பழுது.

"ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாக்குற மாதிரிம்மா. வருதுன்னு தெரியுது. எவ்வளவு கிட்ட வந்திருச்சுன்னு தெரியல."

ஆகஸ்ட் 13, வியாழன்

காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டினால் மறுபடியும் என் மகள் பொய்க்காரி. வரட்டும் என்று வேண்டினால் — எப்படி வேண்டுவேன், கூடப்பிறந்தவர் குடியைக் கெடுக்கவா? வரவும் செலவும் இடித்தால் எங்கேயோ தப்பு என்று தேடுவேன். இங்கே யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் இடிக்கிறது. கண்ணை மூடிச் சும்மா இருந்துவிட்டு எழுந்தேன்.

பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணா, அவளை நம்ப வேணாம். எனக்காக அள்ளுங்க. வரலைன்னா பழி என் தலையில."

"உன் தலை எத்தனை பழியைத்தான் தாங்கும்?" என்றார். நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "ஐஸ் வண்டி நாளைக்கு மத்தியானம்தான் கிடைக்கும். சனிக்கிழமைன்னுதானே சொன்னா? வெள்ளிக்கிழமை அள்ளினா போதும்ல?"

போதும் என்றேன். நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

விடியுமுன்பே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, சனி

நேற்று அதற்குமேல் கை ஓடவில்லை. கூண்டுக்குக் கூண்டு வெள்ளை வயிறு. அண்ணன் படகுத்துறையில் கைகளைத் தொங்கப் போட்டு நின்றார். ஐஸ் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து, வந்த வழியே திரும்பிப் போனது.

கடவுளே, ஒரு நாள் பொறுத்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? நம்பி வந்த மனுஷனையா இப்படி அடிப்பே?

பெரியவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "வரும்னு சொன்னது சரியாப் போச்சுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்கம்மா," என்றாள். பிறகு அழுதாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

சோதனைக்குத் தண்ணீர் எடுக்க அவளே கூண்டுகளுக்குப் போயிருக்கிறாள். மாமா திட்டுவார் என்று பயந்து நின்றாளாம். "வேடிக்கை பாக்கவா வந்தே? ஒரு கை பிடி" என்றாராம். செத்த மீனை இருவருமாக வாரியிருக்கிறார்கள். வீடெல்லாம் நாற்றம். குளிக்க வெந்நீர் வைத்தேன்.

வாரிக்கொண்டே கேட்டாராம்: "ஏன் முந்திக்கிச்சு?" வெளி மிதவையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"அதைச் சொரண்டப் படகு இல்லையா? என் படகு சும்மாதானே கெடக்கு. முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

"எந்த முகத்தோட மாமா கேக்குறது?"

அடுத்த கூடையை அவள் பக்கம் தள்ளினாராம்.

ஆகஸ்ட் 27, வியாழன்

நிலையத்தில் அனுமதி வாங்கி, அண்ணனும் பெரியவளும் அவர் படகில் மிதவையைச் சுரண்ட வெளிக்கடலுக்குப் போனார்கள். இருட்டுவதற்குள் திரும்பினார்கள், சிப்பி கிழித்த கைகளோடு. அண்ணன் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். மருந்து போட்டுவிட்டேன், சின்ன வயதில் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியவள் கணினியைத் திறந்தாள். வெளி மிதவையின் கோடு தெளிவாக ஓடியது.

"ஆக்சிஜன் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"இருக்கட்டும். மூச்சு விடத்தான் கூண்டுல ஒண்ணும் இல்ல," என்றார்.

பெரியவள் திரையை மூடப் போனாள். அவள் கையைத் தடுத்து, "அதுக்குக் கீழே ஓடுதே, அந்த இன்னொரு கோடு என்னது?" என்று கேட்டார்.