கொம்பனும் கும்பிடுறவனும்

ராகலை டவுனில் ரேடியோ திருத்தும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் நேற்று அந்த மஞ்சள் கேசட்டைப் பார்த்தேன். டீவி கேம் கேசட். மேலே ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்திருந்தாலும் கொம்பு வைத்த தலை தெரிந்தது. பழைய சந்தோஷம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன்.

பாடசாலை விட்டதும் நாம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கேம் கடைக்கு ஓடுவோம். அந்த ஆட்டத்தில் வரும் எழுத்து ஜப்பானோ சீனமோ, நமக்கு ஒன்றும் புரியாது. பெயர்களை நாமே வைத்தோம். ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு வில்லன்கள். கொம்பன் உறுமிக்கொண்டு வந்து மோதுவான். வெள்ளை அங்கிக்காரன் நம்மைக் கும்பிட்டு ஒரு பழத்தை நீட்டுவான். அவன் கும்பிடுறவன். கொம்பனிடம் தோற்றுத் தோற்று, அவனைப் போல மோசமானவன் யாருமில்லை என்பேன் நான். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

"டேய், அந்தப் பழத்தத் தின்னதும் நம்ம உசிர்ல ரெண்டு கட்டம் கொறையுது, பாத்தியா? கொம்பன் இல்லாட்டி இவன் நல்லவனாத் தெரிய மாட்டான்டா. அதுக்குத்தான் ரெண்டு பேரையும் வச்சிருக்கானுங்க."

பதினான்கு வயதில் இதைச் சொன்னாய். நான் சிரித்தேன்.

பிறகு நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியரானேன். எங்கள் குடும்பம் கீழே ஆசிரியர் குவாட்டர்ஸுக்கு இறங்கியது. நீ தேயிலை ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, உன் அம்மாவோடு மேட்டு லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தாய். அந்த ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு வெடித்தது. வெடிப்புக்குள் உன் கை தோள்வரை போனது. அங்கே பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனோம். "எல்லாம் பொய்! போ, வேலைக்குப் போ!" என்று மேசையில் அடித்துக் கத்தினார். வாசலில் நின்றவர்கள் முன்னால் நம்மை நாயைப் போல விரட்டினார்.

"நாளைக்கே கீழ சும்மா கெடக்குற பழைய ஸ்டோர் பூட்ட ஒடச்சு எல்லாரும் உள்ள போயிருவோம். அதுக்கப்புறம் பேசிக்கட்டும்" என்றாய். சனம் பாய், பானைகளைக் கட்டத் தொடங்கியது.

அன்று மாலையே தொழிற்சங்கத் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை. சின்னப் பிள்ளைகளையும் கும்பிட்டார். "பூட்டெல்லாம் ஒடைக்க வேணாம் தம்பி. ரெண்டு கெழம பொறுங்க, மேலிடத்துல பேசிட்டேன். நம்ம சனத்த நான் விட்டுருவேனா?" துரையின் கத்தலைக் கேட்ட காதுக்கு அந்தப் பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது.

நீ என்னைப் பீலிக்கரைக்கு இழுத்துப் போனாய். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "எனக்கு இந்தாள் மேல நம்பிக்கை இல்ல மச்சான். நீ என்ன சொல்ற?"

"பொறுப்போம்டா. எவ்வளவு மரியாதையாப் பேசுறாரு" என்றேன். சொல்லிவிட்டு, வெடிப்பே இல்லாத குவாட்டர்ஸுக்குத் தூங்கப் போனேன்.

ஒன்பதாம் நாள், பகல் இரண்டு மணிக்கு மேடு இறங்கியது. கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருந்தார்கள். வேலை இல்லாமல் வீட்டிலிருந்த நீ, இரண்டு தடவை உள்ளே போய்க் குழந்தைகளைத் தூக்கி வந்தாயாம். மூன்றாம் தடவை லயத்தின் கடைசி வீட்டுக் காம்பிராவிலிருந்த நோயாளிக் கிழவருக்காகப் போனாய்.

துரை டிராக்டரோடு வந்தார். அப்போதும் கத்திக்கொண்டுதான் மண் அள்ளினார். அதற்காக அவரை மன்னிக்க முடியாது. அந்த டிராக்டர் ஒன்பது நாளும் அங்கேதான் நின்றது. தலைவர் மறுநாள் பூமாலையோடு வந்து உன் பெட்டியைக் கும்பிட்டார். மைக்கில் "என் தம்பியை இழந்துவிட்டேன்" என்றார். அந்த மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உன்மேலும் எனக்குக் கோபம். உனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்ததே! என்னை ஏன் கேட்டாய்? கேட்டாலும் "போடா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டை உடைத்திருக்கக் கூடாதா?

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு போவேன். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்வார்: "எம்மகன் ஏமாளி. அந்தாளு பேச்ச நம்பிச் செத்தான். இந்தப் புள்ளதான் தங்கம்." நான் தலையைக் குனிந்து தேத்தண்ணி குடிப்பேன். சிரித்த முகத்தோடு எத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன்!

நேற்று கடையிலிருந்து நேராக அம்மாவிடம்தான் போனேன். கையில் இந்த வருஷத்துச் சேலை இருந்தது. உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவன் நம்பலையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான்தான் பொறுக்கச் சொன்னேன்."

 அம்மா சேலைப் பார்சலை எடுத்து என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார்.

"எம்புள்ளைய இத்தன வருஷம் ஏமாளின்னு சொல்ல வச்சியேடா. போ."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் உன் பெயரைச் சொல்லி அழுவது படிக்கட்டு முடியும்வரை கேட்டது. அந்தப் "போ" என்னோடு இருக்கட்டும், அது எனக்குரியதுதான். இனி அம்மா உன்னை ஏமாளி என்று யாரிடமும் சொல்ல மாட்டார்.