விளம்பரத்துக்கு வந்த பிள்ளை

சின்ன காஞ்சிபுரம்

அன்புள்ள வசந்துக்கு அம்மா எழுதுவது. காமாட்சி தயவில் முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை. நீ, அனு, குழந்தை அபி மூவரும் அந்தக் கனடா குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

பட்டுக்கடை விளம்பரம் எடுத்த அன்று நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன் கேள். நம் தறியில் வாடகைக்கு நெய்கிற முத்துக்குமார், பக்கத்து வீட்டுப் பட்டம்மாள், படம் பிடிக்க வந்த தனசேகரன், எனக்குப் பிள்ளையாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்த விஷால், நான், சுவரில் மாலையோடு உன் அப்பா. பட்டம்மாளை யாரும் கூப்பிடவில்லை. உனக்குக் காது குத்தின அன்று பாயசத்தில் தண்ணீர் என்று ஊரெல்லாம் சொன்னவள், விளம்பரம் என்றதும் தலைக்கு மை பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

கதை இதுதான், வெளிநாட்டுப் பிள்ளை வந்து அம்மாவுக்குப் பட்டுப்புடவை கொடுத்துக் காலில் விழுகிறான். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, முத்துக்குமார் நெய்தது. நீங்க பேச வேண்டாம், தலையில் கை வைத்தால் போதும் என்றான் தனசேகரன். காலில் விழுந்தவனைப் பேர் சொல்லி வாழ்த்தாமல் எப்படி விடுவது? வாயில் தானாக வந்துவிட்டது. "நல்லா இருப்பா வசந்த், இந்தத் தைக்காவது வந்துடுப்பா." விஷாலுக்குக் கண் கலங்கிவிட்டது. தனசேகரன் மட்டும், "புள்ளதான் வந்துட்டானேமா, இன்னும் யாரைக் கூப்புட்டுக்கினு கீறீங்க" என்று சிரித்தான். சாயங்காலம் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விளம்பரத்தைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்த அம்மா புடவைதான் வேண்டும் என்கிறார்களாம். முத்துக்குமாருக்கு மூச்சுவிட நேரமில்லை, சாயம் போடுகிறவர்களுக்கும் ஜரிகைக்காரருக்கும்கூட வேலை. ஒரு பலகை மாட்டினால் இத்தனை அடுப்பு எரியும் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு எதிரில் நானும் அந்தப் பையனும் ஆளுயரத்துக்குமேல் சிரித்துக்கொண்டிருக்கிறோம். காய்க்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, புள்ள வந்துட்டுப் போனானாமே, சொல்லவே இல்லியே என்றாள். ஆமாம் என்று சொல்லி, உனக்குப் பிடிக்குமே என்று வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அது ஆகாது, முத்துக்குமாருக்குக் கொடுத்துவிட்டேன்.

நீயும் விளம்பரப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு சூப்பர்மா என்று இதயப் படம் போட்டாய். அப்புறம்தான் பட்டம்மாள் தன் போனில் போட்டுக் காட்டினாள். நல்லா இருப்பா வசந்த் என்பதோடு நின்றுவிடுகிறது, மிச்சத்தைப் படம் பிடித்தவன் அறுத்துவிட்டான். புள்ள காதுக்கு அது போயிருந்தா வந்திருப்பான் என்றாள் பட்டம்மாள். அந்தப் பாயசத்தை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

அபிக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடச் சொல். மூவரும் குறைவில்லாமல் வாழுங்கள். அவன் அறுத்த மிச்சத்தை மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தரம் படி. விஷால்மேல் கோபமில்லை, புடவையைத் திருப்பி எடுத்துப்போன கடைக்காரர்மேலும் இல்லை. உன்மேல் எப்படி வரும், உன் காதுக்குத்தான் அது வரவே இல்லையே. நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான், தனசேகரன்.

இப்படிக்கு,
உன் அம்மா காமாட்சியம்மாள்