வெடிப்பெட்டி நாற்காலி

கோரமண்டல்,
4-6-1973

அன்பு மகள் அம்சவேணிக்கு அப்பா எழுதியது. இதில் சொல்லப்போவது:

1. ராபர்ட்சன்பேட்டை ஜம்புலிங்கம் மகன், நல்ல வரன்.
2. உன் பொருள் வடிவமைப்புப் படிப்பைப் பாதியில் விட்டால் குறை ஒன்றும் வராது.
3. கூடத்து நாற்காலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப்போகிறேன்.

பாத்திரக்கடைக் குடும்பம். ஆவணியிலேயே கல்யாணம் வேண்டுமாம். நீ படித்து முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்களாம். மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மரம், தகரம், பிளாஸ்டிக் என்று படித்து என்ன ஆகப்போகிறாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லவும் தெரியவில்லை. "தச்சு வேலைக்கு இம்மாந்தூரம் போவணுமா?" என்கிறாள் உன் அம்மா.

நாற்காலி நான் செய்ததுதான். தங்கச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட வெடிமருந்துப் பெட்டிப் பலகைதான் இங்கே எல்லார் வீட்டிலும் அலமாரி, பெஞ்சு. ஆனாலும் முதுகுப் பலகையில் சிவப்பாக 'அபாயம்' என்று இங்கிலீஷில் இருக்கிறதே. 17ஆம் தேதி ஞாயிறு அவர்கள் வருகிறார்கள். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். யோசித்து எழுது.

உன் அப்பா,
நாராயணசாமி

*

அகமதாபாத்,
9-6-1973

அன்புள்ள அப்பாவுக்கு,

படிப்பை விட்டு வரமாட்டேன். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத முடியும்.

வீட்டுப் பொருள் ஒன்றைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். எதனால் ஆனது, எப்படிச் செய்தது, உடைந்தபின் எங்கே போகும்? மற்றவர்கள் ரேடியோ, குக்கர் என்றார்கள். நான் உங்கள் நாற்காலியை வரைந்தேன். "உட்கார்ந்தால் வெடிக்குமா?" என்று ஒருவன் சிரித்தான். "உன் ரேடியோ உடைந்தால் குப்பை. எங்கள் பெட்டி உடைந்தால் நாற்காலி, நாற்காலி உடைந்தால் அலமாரித் தட்டு" என்றேன்.

பொறி பறக்கக் கூடாதென்று அந்தப் பெட்டியில் இரும்பு ஆணி அடிக்காமல், மூலைகளைப் பல்லுக்குப் பல் கோத்திருப்பார்கள். நீங்களும் அந்த மூலைகளை வெட்டாமல் வைத்தீர்கள். ஏன் என்று எழுதுங்கள்.

பெயிண்ட் வேண்டாம். மெழுகுக் காகிதம் ஒட்டியிருந்த பலகை அது. அப்படியொரு பலகையில் இங்கே பட்டறையில் அடித்துப் பார்த்தேன், தோல் தோலாக உரிந்தது. அந்த நாற்காலியில் உட்காரக் கூசுகிறவர்கள் வீட்டில் எனக்கு என்ன வேலை?

உங்கள் மகள்,
அம்சவேணி

*

கோரமண்டல்,
18-6-1973

அன்பு மகள் அம்சவேணிக்கு,

உன் கடிதம் வருமுன்பே நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். நேற்று ஜம்புலிங்கம் நேராகப் போய் அதில்தான் உட்கார்ந்தார். காபி குடித்து எழுந்தால், வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் பச்சைத் தோல். பலகையில் சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா சார் இது? வெடிப்பெட்டி மேலயா உக்கார வெச்சீங்க?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உன் அம்மா முந்திக்கொண்டாள்: "இத்தினி வருசமா நாங்க உக்காந்துகினுதான் கீறோம். வெடிக்கலியே!"

பிறகு நான் பேசினேன். "நான் செஞ்சதுங்க. எம் பொண்ணு இதப் பத்திதான் படிக்குது. முடிச்சிட்டுதான் வரும்." எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அப்ப வேற எடம் பாத்துக்குங்க."

"சரிங்க" என்றேன். மண்ணெண்ணெய் தடவினால் சட்டைக் கறை போகும் என்று சொல்லி வாசல்வரை வழியனுப்பினேன்.

மூலைகளை வெட்டப் பயம், கெட்டுவிடும் என்று. காரணம் அவ்வளவுதான், வகுப்பில் அப்படியே சொல். மீதிப் பெயிண்டை இன்று சுரண்டிவிட்டேன். நாற்காலி இப்போது, எழுத்து தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி, வாசலை ஒட்டிக் கிடக்கிறது.

முன் கடிதத்தில் மூன்று விஷயம் எழுதினேன். வரன் நல்ல வரன்தான், அதில் மாற்றமில்லை. மூன்றாவதைச் சொன்னபடி செய்துவிட்டேன். இரண்டாவது தவறு.

உன் அப்பா,
நாராயணசாமி