தெங்கேராக் கரையில் இரண்டு திசைகள்

8-11-1943, திங்கள்

டோக்கியோ மணி 6.10. உண்மையான மணி 4.40. வெளியே தூறல். அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கு நான்கு. இன்றைக்குப் போதும்.

மலாய் நாட்டுக்குள் வந்ததும் ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தான். சூரியன் ஒத்துழைக்கவில்லை. எட்டு மணிக்குத்தான் உதிக்கிறது. அப்பாவுக்கும் அவர் சிநேகிதர் ஜமால் மாமாவுக்கும் அதைப் பற்றிக் கவலையே இல்லை. இருட்டிலேயே வாசலில் மாமாவின் குரல்.

"மச்சான், எந்திரிச்சிட்டியா, இல்ல போய்ச் சேந்துட்டியா?"

"ஒன்ன அனுப்பாம நான் எங்க போவேன்?"

அப்பாவுக்கு 66. நகராட்சிக் குழாய் வேலையிலிருந்து ஓய்வு. மாமாவுக்கு 64. ஜவுளிக் கடை, இப்போது வெறும் அலமாரிகள். இருவருக்கும் மனைவி இல்லை. நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங்கிலிருந்து தெங்கேராக் கடற்கரைக்குத் தினமும் நடை. மாமா மேற்கே பார்த்துத் தொழுவார். அப்பா கிழக்கே பார்த்துச் சூரியனைக் கும்பிடுவார். பிறகு சேற்றில் மேயும் உள்ளான் குருவிகளைப் பார்த்துக்கொண்டு வெட்டிப் பேச்சு. ஒரு நொண்டிக் குருவி போன வருடமும் வந்ததாம். "அவ்ளோ தூரம் பறந்து வர்றானே, சப்பான்காரன்கிட்ட பெர்மிட் வாங்கினானா?" என்று மாமா கேட்க, அப்பா வீடு திரும்பும்வரை சிரித்திருக்கிறார்.

சொன்னேன்: "கிளிஞ்சலாவது பொறுக்கிட்டு வாங்க. குழம்புக்காவது ஆகும்."

"அதுக்குக் குனியணும்டா."

"தொழ மட்டும் குனிய முடியுதா?"

மாமா: "அந்த நேரத்துக்கு மட்டும் முதுகை அவன் தர்றான் தம்பி."

9, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மின் நிலையத்தில் இரண்டாம் இயந்திரம் மறுபடி நின்றது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ஊற்றினால் எது ஓடும்? கழற்றி, துடைத்து, ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பாவின் கன்னம் வீக்கம். மாமாவின் உதட்டில் கிழிசல். இருவரும் சிரித்துக்கொண்டு.

நடந்தது: கரையில் ரோந்துச் சிப்பாய்கள் இரண்டு பேர், கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். தொழுது எழுந்த மாமாவைப் பிடித்து, டோக்கியோ கிழக்கே இருக்க நீ யாருக்கு முதுகைக் காட்டுகிறாய் என்று ஓர் அறை. கிழக்கே கைகூப்பி நின்ற அப்பா ஜப்பான் பேரரசரை வணங்குவதாக நினைத்து, அவர் தோளில் தட்டல். மலாயில் பாராட்டு வேறு: "பாகுஸ், பாகுஸ்." அப்பா கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே திரும்பி, மாமா பக்கத்தில் போய் மேற்கே பார்த்து நின்றிருக்கிறார். அடுத்த அறை அவருக்கு.

"அறிவு இருக்காப்பா உங்களுக்கு?"

"அடிச்சிருந்தாலும் பொறுத்திருப்பேன்டா. பாராட்டுறான். அதத்தான் தாங்க முடியல."

மாமா: "நான் சும்மா இருன்னுதான் சொன்னேன் தம்பி. ஒங்கப்பனுக்கு எதையும் நான் தனியா வாங்கிறக் கூடாது."

உப்புத் தண்ணீர் வைத்துக் கழுவிவிட்டேன்.

10, புதன்

பகுதித் தலைவர் வந்தார். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகளில் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, தமிழ் வராது. மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: அந்த நேரத்தில் கரைப் பக்கம் தலை காட்டக் கூடாது. இன்னொரு தடவை பிடித்தால் அறையோடு விடமாட்டார்கள், ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பெத்தாயின் லாக்கப். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல மனிதர்.

லாக்கப்புக்குப் போன கிழவர் யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை.

மாலை, கோபம் தீராமல், பள்ளிக்கூட அட்லஸையும் காம்பஸையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். இங்கிருந்து டோக்கியோ வடகிழக்கு. இந்த மாதம் சூரியன் உதிப்பது கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி. இடையே அறுபது டிகிரிக்கு மேல். அப்பாவிடம் காட்டினேன்.

"அப்ப நான் கும்பிட்டதும் டோக்கியோ இல்லியா?"

"கிட்டக்கூட இல்ல."

"ஏமாந்து போய்ப் பாராட்டிட்டானா!" சட்டையைக்கூடப் போடாமல் மாமா வீட்டுக்கு ஓட்டம். அங்கே எழுந்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. பயப்படட்டும் என்றுதான் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். வீண்.

11, வியாழன்

மழை. நடை இல்லை. நான் விடியும்வரை கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா படுத்தே இருந்தார். கிழங்கு அப்படியே தட்டில். "இந்நேரம் தண்ணி வடிஞ்சிருக்கும்." சுவரிடம் சொன்னார்.

வேலை முடிந்து வந்தபோது மாமா இருந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே, வாய் திறக்காமல். அறுபது வயதுக்காரர்கள் இப்படி ஒரே நாளில் எண்பதாவார்களா? வீங்கிய கன்னத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை.

பிறகு அப்பா: "நாளைக்குப் போறோம்."

கத்தினேன். லாக்கப், வாயில் தண்ணீர்க் குழாய், நகம் பிடுங்குவது, தெரிந்த எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"நாட்டப் புடிச்சான். அரிசியப் புடிச்சான். கடிகாரத்தையும் புடிச்சான். எங்கிட்ட மிச்சம் ஒரு சாமி, ஒரு மச்சான், கொஞ்சம் கடக்கரை. அதுல எத நீ கேக்குற?"

மாமா: "சாவியக் குடுத்துரு தம்பி. சுவரேறிக் குதிக்க எங்களால ஆவாது."

கொடுத்தேன்.

நாளை:

1. டோக்கியோ ஆறுக்கு எழுவது. கூடப் போவது. வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும்.

2. பெரிய சாலை வேண்டாம். மீன்காரர் சந்து வழி.

3. ரோந்து வரும் திருப்பத்தில் நான் காவல். வந்தால் சீட்டி. இவர்கள் ஓடமாட்டார்கள், ஓடவும் முடியாது. எனவே சீட்டி அடித்துவிட்டு நானும் இவர்கள் பக்கத்திலேயே போய் நிற்பது.

4. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? எனக்குச் சாமி பழக்கமில்லை. அறை விழுவது மேற்கே பார்ப்பவருக்கு, அங்கே ஆள் குறைவு. மேற்கு.