இரண்டைத் தொடாத எண்

அக்கா,

நெஞ்சில் தடவிய ஜெல் இன்னும் பிசுபிசுக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியிலேயே துடைத்தேன், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் தேய்த்தேன். அந்தக் குளிர்ந்த வாசனை போகவில்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்தாய். எழவே இல்லை. உன் இதயத்தின் சுவர் தடித்திருந்தது என்று அதன் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, பார்த்துவிடுங்கள் என்றார்கள். என்னைக் கூட்டிப் போக அப்பாவுக்கு இத்தனை மாதம் தைரியம் வரவில்லை. இன்றுதான் போனோம்.

டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்னு புள்ளி எட்டு. ரெண்டுக்குள்ள இருக்கு. இப்போதைக்குப் பயப்பட வேணாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க." அம்மா அதற்குள் கைகூப்பிவிட்டாள். "ரெண்டுன்னா இன்னா சார்?" என்று அப்பா கேட்டார். "இதயச் சுவரோட தடிப்பு சராசரியிலேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னு ஒரு கணக்குங்க." அப்பா தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அக்கா. புரியாமலே இருந்திருக்கலாம்.

நீ பன்னிரண்டாவது படித்த வருடம் நினைவிருக்கிறதா? அப்பா வெளியே போயிருந்தால் நீ தறிக்குழியில் இறங்குவாய். நான் மேலே உட்கார்ந்து உன் கணக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஒரு நாள் "திட்ட விலக்கம்னா இன்னா?" என்று கேட்டேன். நீ இழைக்குள் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினாய்.

"அப்பா நெய்ற புடவைய எடுத்துக்கோ, பெரியப்பா நெய்றத எடுத்துக்கோ. இன்ச்சுக்குக் குறுக்கால எத்தினி ஊடை இழைன்னு எண்ணுனா ரெண்டு பேருக்கும் சராசரி ஒன்னாத்தான் வரும். அப்புறம் யார் புடவைய மட்டும் கடைக்காரர் திருப்பி அனுப்புறாரு?"

"பெரியப்பாதுதான். கோவம் வந்தா நெருக்கி அடிப்பாரு. போன் பேசிகினே அடிச்சா தளர்ந்துடும்."

"அவ்ளோதான்டி. சராசரிய மட்டும் பாத்தா ஏமாந்துடுவ. நடுவுலேர்ந்து எவ்ளோ சிதறுதுன்னும் பாக்கணும்."

அடுத்த தறியிலிருந்து பெரியப்பா குரல் வந்தது. "என் மானத்த வாங்கறதுக்குன்னே ஒரு பாடம் போட்டுகிறானுங்களா?"

நாம் அப்படிச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீ நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாய்.

மூச்சு வாங்குகிறது என்று நீ ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாய். "குழி ஈரம்டி. நாளெல்லாம் அதுல கால வெச்சிகினு இருந்தா யாருக்கும் வரும்" என்றாள். பெரியப்பாவுக்கு வந்ததாம், தாத்தாவுக்கும் வந்ததாம். இந்தத் தெருவில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். உனக்காகக் குழிக்குள் சாக்கு விரித்தார்கள், சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். அந்தச் சாக்கு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இயல்நிலைப் பரவலை என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாய். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. "ஒரு விலக்கத்துக்குள்ள நூத்துல அறுபத்தெட்டு பேரு. ரெண்டுக்குள்ள தொண்ணூத்தஞ்சு. மூனுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாரும் வந்துடுவாங்க." மூன்றுக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். "யாராவது நின்னுகினு இருப்பாங்க. இந்தக் கோடு தரையத் தொடவே தொடாது" என்றாய். எனக்குக் கை கூசியது. நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இப்போது அந்தப் பாடம் எனக்கு வந்திருக்கிறது. பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்று புள்ளி எட்டுக்கு மேலே நூறு பேரில் மூன்று, நான்கு பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்த வளைவு எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து வரைந்தது. அவர்களின் அக்காக்கள் பஸ் ஸ்டாண்டில் விழவில்லை. எனக்குப் பாதிக்குப் பாதி என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல்தான் இந்த எண் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் "இரண்டுக்குள்ளே" என்ற வார்த்தையில் பெரிய ஆறுதல் இல்லை. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்வீட் வாங்கினாள். பக்கத்து வீட்டில் கொடுத்து, "ரெண்டுக்குள்ளதான் கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிறேன்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "மாடி ஏறுனா மூச்சு வாங்குதாம்மா?" அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கூலில் என் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. பாதிப் படியில் நின்று, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுகிறேன். யாருக்கும் தெரியாது.

இன்று ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நீ கடைசியாக நெய்த மழைக்காலத்தில் அடிக்கடி தறியை நிறுத்தினாய். ஏன் என்று கேட்டால், "இழை அறுந்துடுச்சு" என்று குனிந்துகொள்வாய். வெயில் காலத்தில்தான் பட்டு காய்ந்து அறும். மழை ஈரத்தில் அவ்வளவு அறாது. இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனாலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இழை அறுந்ததே இல்லை, அக்கா. நீயும் என்னைப் போல மூச்சுக்காகத்தான் குனிந்திருக்கிறாய்.

உன் கணக்கு எனக்கு மறக்காது. நீ குனிந்ததும் மறக்காது. பரீட்சை முடியட்டும், ஆறு மாதம் ஆகட்டும் என்று என்னால் இருக்க முடியாது. காலையில் அப்பா குழியில் இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். "அம்மா, எனக்கும் மூச்சு வாங்குது." மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகு இந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

அம்மா புரண்டு படுத்து என் மேல் கையைப் போட்டிருக்கிறாள். நீ போனதிலிருந்து இன்றுதான் அசந்து தூங்குகிறாள். விடியும் வரைக்கும் தூங்கட்டும்.