பார்க்க வைத்திருந்த பழத்தை நான் வெட்டினேன்

என் பாசத்துக்கும் அதே அளவு கோபத்துக்கும் உரிய அய்யாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருஷமாகிறது. நான் இப்போது இருக்கிற இடத்தைச் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். வியட்நாமில், கடலோரத்துத் திராட்சை ஊர் ஒன்றில், எட்டுப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். ஆமாம், எட்டாம் வகுப்போடு நீங்கள் நிறுத்திய அதே மகள்தான்.

"எட்டாப்பு போதும் ஆத்தா, பந்தலுக்கு ஆளு வேணும்ல" என்றீர்கள். தம்பி முருகேசனைக் கல்லூரி வரை அனுப்பினீர்கள். நான் ஓடைப்பட்டியில் நம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று, மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த தாளைப் படித்து இங்கிலீஷ் கற்றேன். அப்புறம் ரேடியோச் செய்தி, ஓர் அட்டை போன அகராதி. யாரும் சொல்லித் தரவில்லை. இதையே ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன் என்று முருகேசன் சலித்துக்கொள்கிறான். உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன்.

வெளிநாட்டு ஹோட்டல் வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் பேச்சு இங்கிலீஷ் சொல்லித் தந்தேனே, அவர்களில் கலா என்றொருத்தி இந்த ஊரில் வேலை பார்த்தாள். இங்கே லான் என்ற பெண்ணின் தோட்டத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். அவர்களோடு பேச அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு இங்கிலீஷ் பழக்கிவிட ஆள் தேடினாள் லான். தங்க இடமும் சாப்பாடும் தருவாள். கலா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் வந்து சேர்வதற்குள் கலா வேறு நாட்டுக்குப் போய்விட்டாள்.

கிளம்பும்போது முருகேசன் வாசலை மறித்தான்.

"ஏக்கா, அறுபத்திரண்டு வயசுல அங்கன போயி என்னத்தக் கிழிக்கப்போற? அய்யா இருந்தா விட்டுருப்பாகளா?"

"விட்டுருக்க மாட்டாக. அதனாலதான எட்டாப்போட நின்னேன். தள்ளுடா."

"பாத்துக்கிட்டே இரு, ஒரு வாரத்துல திரும்பி வருவ."

"வந்தாலும் ஒன் வீட்டுக்கு வரமாட்டேன். வெசனப்படாத."

குமுளி வழியாகக் கொச்சிக்குப் போய் விமானம் ஏறினேன். இறங்கி ரயில் பிடித்து இந்த ஊர் ஸ்டேஷனுக்கு வந்தால், லான் என் பெயரெழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி யாரையோ தேடுகிறாள். பேன்ட் போட்ட இளம் டீச்சரை எதிர்பார்த்தாளாம். நான் சுங்குடிச் சேலையோடு போய் அந்த அட்டைக்குக் கீழே நின்றுகொண்டேன். அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்?

வழியெல்லாம் நம் ஊரைப் போலவே கம்பிப் பந்தல்கள். ஊர் ஞாபகம் வந்து அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. கொடி கழித்த கவாத்து சரியில்லையே என்றுதான் தோன்றியது.

அன்றே லான் கறாராகச் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களோடு இந்த எட்டுப் பேரும் பேசினால் நான் மூன்று மாதம் இருக்கலாம். பேசாவிட்டால் பட்டம் வாங்கிய யாரையாவது கூப்பிட்டுக்கொள்வாள். திரும்பிப் போய் முருகேசன் முகத்தில் எப்படி விழிப்பது?

எட்டுப் பேரும் நல்ல மனுஷர்கள். நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினார்கள், சிரித்தார்கள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஹுங் என்ற பெரியவர், என் வயதுதான் இருக்கும், பன்னிரண்டு நாளில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தூக்கம் வராமல் லானுடைய பந்தலுக்குள் போனேன். மூன்று வரிசையும் கன்னங்கரேலென்று பழுத்துத் தொங்குகிறது. ஒரு ஆளும் வெட்ட வரவில்லை. வெயில் ஏறினால் குலை தளர்ந்துவிடாதா? சுவரில் கத்தரி மாட்டியிருந்தது. பழத்தின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்து வெட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டேன். ஏழு மணிக்குள் முடித்தேன், அய்யா. நீங்கள் பார்த்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் கிடைத்திருக்காது.

லான் வந்தாள். மேலே பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இது விற்கிற பழம் இல்லை. வருகிறவர்கள் இதற்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள். அவர்களே பறிப்பார்கள்."

"படம் எடுக்கவா பழத்தை விட்டுவைத்தீர்கள்?" என்று கேட்டேன். இப்போதும் எனக்கு அது விளங்கவில்லை.

முருகேசனுக்கு ஃபோன் போட்டது என் முட்டாள்தனம்.

"ஊரான் தோட்டத்துல புகுந்து வெட்டிப்புட்டியா?"

"பழுத்துத் தொங்குதுடா. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"அய்யா மக தான நீ. பொட்டியக் கட்டு."

ஒன்பது மணிக்கு பஸ் வந்தது. இறங்கியவர்கள் பந்தலை அண்ணாந்து பார்த்தார்கள். இலைகள்தான். ஓர் அம்மாள், "பழமெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். லான் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள், பேச்சில்லை.

அப்போது ஹுங் ஓரடி முன்னால் வந்தார். என்னைக் காட்டி, விரலைக் கத்தரி போல அசைத்து, இங்கிலீஷில் சொன்னார்:

"டீச்சர் கட். ஆல் கட். வெரி குட் ஃபார்மர். வெரி பேட் டீச்சர்."

பஸ்ஸில் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹுங்கின் மனைவி "நோ, நோ! குட் டீச்சர்!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். நான் எந்த வரிசையில் தொடங்கியிருப்பேன், எப்படிக் காம்பைப் பிடித்திருப்பேன் என்று இன்னொருத்தி நடித்துக் காட்டினாள். அவளைத் திருத்த இன்னொருவர். அப்புறம் யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. வந்தவர்கள் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து பழத்தைத் தின்றுகொண்டே மதியம் வரை கேள்வி கேட்டார்கள். எட்டுப் பேரும் பதில் சொன்னார்கள். எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

பஸ் போனதும் லான் கத்தரியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "மூன்று மாதம் இருங்கள்" என்றாள். "அடுத்த பருவத்துக்கும் வர முடியுமா?" என்றும் கேட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள், எல்லாம் அய்யாவின் பந்தல் கொடுத்த வாழ்வு என்பார்கள். நீங்களும் மீசையைத் தடவிக்கொள்வீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பந்தல் வேலை தெரிந்ததால்தான் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் தப்பித்தேன், அது உண்மை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இந்த ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வயதில் இறங்கியிருப்பேனே? அன்றைக்கு ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும், அய்யா?

மாசியில் உங்கள் திதிக்கு வந்துவிடுவேன். உங்களுக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பை என் கையால் வைப்பேன், முருகேசனுக்கும் போடுவேன். படையல் முடிந்ததும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, அடுத்த பருவத்துக்குக் கிளம்புகிறேன் என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். போகட்டுமா என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் சண்டை தீராத மூத்த மகள்