கிராணி வீட்டுக்கு இரண்டு போத்தல்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மேல் மலை தெரியவில்லை. கூரைத் தகரம் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தானா ராத்தா டவுனுக்குப் போனால் வாங்க: ஆணி, பிரஷர் மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி.

குமரனிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. என் பழைய மாணவன், ஈப்போவில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. என் பசு செவலையின் பாலையும் அதற்குப் புல் அறுக்கும் இடத்து மண்ணையும் போன மாதம் கொடுத்து அனுப்பியிருந்தேன். இரண்டிலும் ஒரே பொருள். தடை செய்து எத்தனையோ வருஷமான பூச்சிமருந்து. மண்ணில் லேசில் அழியாது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் உட்காரும். பசுவின் உடம்பிலிருந்து அது வெளியேறுகிற பெரிய வழி, பால். கன்று குடித்தால் கன்றுக்கு.

போனிலும் சொன்னான். "சார், குடிக்காதீங்க. யாருக்கும் குடுக்கவும் வேணாம் லா."

"சரிப்பா."

செவலையின் முதல் கன்று செத்துப் பிறந்தது. இரண்டாவது, பத்தொன்பது நாள்தான் இருந்தது. நிற்கும்போதே கால் நடுங்கும். பழைய மருந்து ஸ்டோரில் படுத்துக் கிடந்த கறுப்பு நாயும் கடைசியில் அப்படித்தான் நடுங்கியது.

நவ. 5, புதன்

தே ஓ, பாலில்லாத டீ. இனிமேல் எப்போதும் தே ஓ தான்.

பால் போகும் இடங்கள்: எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நான்கு வீடு, கோயில், ராமசாமி கிராணி வீடு. நான்கு வீட்டுக்கும் கோயிலுக்கும் மாடு வற்றிவிட்டது என்று சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு முனியம்மா நம்பவில்லை. "நேத்து மடி நெறைய நின்னுச்சே வாத்தியாரே?"

"மழை."

"மழைக்கும் மடிக்கும் என்னாங்க?"

குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிராணி வீட்டுக்கு மட்டும் வழக்கம்போல் இரண்டு போத்தல். கேட்டில் மாட்டிய பைக்குள் வைத்துவிட்டு வந்தேன். தெரிந்தேதான் வைத்தேன். குறித்துக்கொள்கிறேன்.

நவ. 7, வெள்ளி

பனி. பதினோரு மணிக்கும் விளக்கு போட வேண்டியிருந்தது.

நான் எதையும் மறக்கவில்லை என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ராமசாமி, எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வெளிநாட்டுக்காரர்கள் சான்றிதழ் கொடுக்க எஸ்டேட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும், ஸ்டோரில் மிச்சமிருந்த பழைய மூட்டைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குப் பின்னாலேயே புதைக்கச் சொன்னார். குழி வெட்டியது மருந்தடிக்கும் கேங்கில் நான்கு பெண்கள். அதில் ஒருத்தி, என் மனைவி சரோஜா. நான் வாத்தியார் ஆன பிறகும் அவள் கேங்கை விடவில்லை. சும்மா இருந்தால் கை வலிக்கிறது என்பாள். அன்றைக்கு முழங்கை வரை வெள்ளையாக வந்தாள்.

"என்னா இது?"

"சுண்ணாம்புன்னாரு."

அந்தக் குழிமேல் புல் ஆள் உயரம் வளர்ந்தது. எஸ்டேட்டிலேயே நல்ல புல். சரோஜாதான் கண்டுபிடித்தாள், பெருமையாக அறுத்து வருவாள். இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. பிறகு மார்பில் கட்டி. நாற்பத்தாறு வயதில் போய்விட்டாள். புல்லை மட்டும் நான் அங்கேயே அறுத்துக்கொண்டிருந்தேன்.

மனு எழுதினேன். ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தார்கள். எல்லார் முன்னாலும் கிராணி சொன்னது: "வெறும் சுண்ணாம்பு. ஆதாரம் இருக்கா வாத்தியாரே?" டாக்டர் சொன்னது: இதனால்தான் என்றும் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் சரியாகத்தான் சொன்னார். நானும் கெமிஸ்ட்ரி படித்தவன். அதனால்தான் இன்னும் எரிகிறது.

சாவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து மாலை போட்டார். குழியை மூடச் சொல்லி நீட்டிய அதே கை.

இன்றும் இரண்டு போத்தல்.

நவ. 9, ஞாயிறு

மழை இல்லை. துணி காய்ந்தது.

கேட்டில் பை இல்லாததால் கதவைத் தட்டினேன். திறந்தது கிராணியின் மகள் மலர்விழி. தோளில் துண்டு, துண்டில் குழந்தை.

"சார்! இன்னமும் நீங்களே பால் கொண்டாறீங்களா?"

"எப்ப வந்தே?"

"செவ்வாக்கெழம. பாப்பாவுக்கு இன்னைக்கு முப்பத்தாறு நாளு. எங்கப்பா தொல்ல தாங்கல சார். காலையில ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ். பால் ஊறணுமாம். நானும் ஒரு மாடு மாதிரிதான் இங்க."

உள்ளேயிருந்து கிராணியின் குரல்: "வாத்தியாரு மாட்டுப் பாலு லா. கண்ண மூடிட்டுக் குடிக்கலாம்."

என் கையிலிருந்து போத்தல்களை அவளே வாங்கிக்கொண்டாள். நானும் கொடுத்தேன். தவறிக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. லயம் வரை வந்த பிறகுதான் அது தோன்றியது.

செவ்வாய் முதல் ஞாயிறு. ஆறு நாள்.

இன்னொன்று. இத்தனை நாள் இதை எழுதாமல் விட்டிருந்தேன். மலர்விழி இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேன். கிராணி ஸ்டோரிலிருந்து ஒரு டின் வெள்ளைப் பவுடர் அனுப்பினார், மாட்டு உண்ணிக்குக் கொடுப்பாரே, அதே பவுடர். பழைய காலுறையில் போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலையில் தட்டியது நான். டின்னில் ஒட்டிய தாளைப் படிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். படிக்கவில்லை. கிராணி சொன்னார், தட்டினேன். அவளுக்கு இரட்டைப் பின்னல், வகிடு வெள்ளையாகிப் போயிற்று. தும்மினாள். எல்லாரும் சிரித்தோம்.

நவ. 10, திங்கள்

காலையில் இரண்டு போத்தல், சட்டைப் பையில் ரிப்போர்ட்.

கிராணி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மலர்விழி குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள். நானே பாலைக் காய்ச்சி, கிளாஸ் கேட்டு வாங்கி, ஊற்றி, கிராணி முன்னால் வைத்தேன்.

"எனக்கு எதுக்கு, எம் பொண்ணுக்குக் குடு."

"இன்னைக்கு நீங்க குடிங்க."

ரிப்போர்ட்டை விரித்து, மலர்விழிக்கும் கேட்கும்படி வாசித்தேன். என்ன மருந்து, எந்த மண், எந்த மாடு. அவள் கை தொட்டில் கயிற்றில் நின்றது.

"புல்லு பழைய ஸ்டோருக்குப் பின்னால அறுத்தது. நீங்கதான் அங்க வெறும் சுண்ணாம்புன்னு சொன்னீங்க. சுண்ணாம்புன்னா குடிங்க. நான் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்."

குடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். குடித்திருந்தால் நான் ஒழிந்தேன். சூடு ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பாலில் ஆடை கட்டியது. கை மடியைவிட்டு எழவில்லை.

"அப்பா, குடிங்க." மலர்விழி கத்தவில்லை.

"எனக்கு சக்கர வியாதி இருக்குல்லமா."

"பால்ல சக்கர போடலப்பா."

கிளாஸ் அப்படியே இருந்தது. எந்தச் சோதனைக்கூடமும் கொடுக்க முடியாத ஆதாரம் அது. வாசலுக்கு வரும்போது மலர்விழி பின்னாலேயே வந்தாள்.

"இது எப்ப தெரியும் சார் ஒங்களுக்கு?"

"செவ்வாக்கெழம."

நாட்களை எண்ணினாள். உள்ளே போய்விட்டாள்.

நவ. 11, செவ்வாய்

கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்தேன். ஆற்றில் ஊற்ற முடியாது, கீழே அதில் குளிக்கிறார்கள். கடைசியில் பழைய ஸ்டோருக்குப் பின்னால், அந்தக் குழிமேலேயே ஊற்றினேன். எங்கிருந்து வந்ததோ அங்கே. புல் இனி திரிங்காப் ஊரிலிருந்து வாங்கிவர ஏற்பாடு.

நான்கு வீட்டிலும் கோயிலிலும் உண்மையைச் சொன்னேன். வருஷக்கணக்கில் குடித்தவர்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். முனியம்மா மட்டும் கேட்டாள்: "எங்களுக்கு நிப்பாட்டிட்டு, கிராணிக்கு மட்டும் ஏன் ஊத்துனீங்க?"

குனிந்து செருப்பை மாட்டினேன்.

"மறுபடி ஊத்தணும்னா சொல்லுங்க," என்றாள். "நான் கொண்டு போறேன்."

தானா ராத்தா. ஆணி வாங்கினேன், பேட்டரி மறந்தேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டேன். டாக்டரிடம் போய்க் கேட்டுவந்து சொன்னாள்: தாய் அந்தப் பாலைக் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான். ஆறு நாள் குடித்ததற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவதுதான் தப்பு.

நவ. 12, புதன்

பெருமழை. மழையோடு கிராணி வந்தார். என் வீட்டு வாசலை மிதித்தது சரோஜா சாவுக்குப் பிறகு இதுதான். உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு நாளா எம்மூஞ்சியப் பாக்கல அவ. புள்ளைக்குத் தாய்ப்பால் குடுக்கறதையும் நிறுத்திட்டா. பவுடர் கரைக்கறா. அழுவறா. வாத்தியாரே, நீ படிச்சவன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. நேற்றே வாங்கி வந்திருந்தேன்.

"ஆதாரம் இருக்கா கிராணி?"

நின்றார். கண்ணாடியில் மழைத்தண்ணீர். துடைக்கவும் இல்லை. குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனார். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

அவர் வளைவு திரும்பிய பிறகு மலர்விழிக்கு வாட்சாப் அனுப்பினேன். கிளினிக்கில் சொன்னதை ஒன்றுவிடாமல். பவுடரை நிறுத்து, உன் பாலையே கொடு, குழந்தையைக் கொண்டுபோய் ஒருமுறை காட்டு. காலுறைப் பவுடரையும் எழுதினேன், தட்டியது நான்தான் என்று. கடைசி வரி: அப்பாவிடம் சொல்லாதே.

நீல டிக் உடனே வந்தது. பதில் வர அரை மணி.

"பாப்பா எங்கிட்டயே குடிச்சிட்டுத் தூங்குது. அப்பா ரூமுக்கு வெளிய நின்னு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. சொல்ல மாட்டேன் சார்."